அழகு வயலுடையது, வருவாய் யாருடையது? கொல்லங்கோடு எழுப்பும் கேள்வி

கொல்லங்கோடு: கையில் கேமராவோ கைப்பேசியோ இருந்தால் போதும், விருப்பத்துக்காகச் செய்யும் வேலையே வருவாயாகிவிடும் என்ற நம்பிக்கை நாடு முழுவதும் பரவியுள்ளது. அந்த நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை, அதன் பலன் யாரைச் சேர்கிறது என்பதை அறிய, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள கொல்லங்கோட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

இந்தியாவின் மிக அழகிய பத்துக் கிராமங்கள் என்று சமூக ஊடகக் கணக்கு ஒன்று தொகுத்த பட்டியலை, தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா 2023-ஆம் ஆண்டில் தமது பக்கத்தில் பகிர்ந்தார். இமாச்சலப் பிரதேசத்தின் கல்பா, மேகாலயத்தின் மாவ்லின்னாங் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக இடம்பெற்றிருந்தது கொல்லங்கோடு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மாத்தூரும் அதே பட்டியலில் இருந்தது. அரசோ, சுற்றுலா அமைப்போ ஆய்வு செய்து வெளியிட்ட பட்டியல் அன்று அது. ஆயினும், அதன் பிறகு கொல்லங்கோட்டின் வயல்வெளிகளைத் தேடி வாகனங்கள் வரத் தொடங்கின. பொழுதுபோக்காகப் படம் பிடிப்போர், பயணக் காணொலி வெளியிடுவோர், திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு வரும் இணைகள் எனப் பல தரப்பினருக்கும் இவ்வூர் பின்னணியானது.

இவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தப் படங்கள் வருவாய் ஈட்டித் தருகின்றன. அந்தப் படங்களில் தெரியும் வயலின் உரிமையாளருக்கோ அதிலிருந்து ஒரு ரூபாயும் வருவதில்லை. பொழுதுபோக்கை வருவாயாக மாற்றும் வழிகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தக் கணக்குதான்.

காட்சியை உருவாக்குவது யார்?

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கொல்லங்கோடு என்ற பெயரில் ஒரு நகராட்சி உள்ளது. இங்கே பேசப்படுவது பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் அமைந்துள்ள கொல்லங்கோடு. பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் எல்லையைக் கடந்து, மாமரத் தோப்புகளுக்குப் பெயர்பெற்ற முதலமடை வழியாகச் சென்றால் இவ்வூரை அடையலாம். பாலக்காடு - பொள்ளாச்சி ரயில் பாதையிலும் இவ்வூருக்கு நிலையம் உண்டு. மீட்டர் கேஜாக இருந்த இப்பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2015-ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. சித்தூர் வட்டத்தின் எல்லைப் பகுதிகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் கணிசமாக வாழ்கின்றனர்.

தெற்கே சுவர்போல் எழும் நெல்லியாம்பதி மலை, மழைக்காலத்தில் அதன் முகட்டிலிருந்து வெள்ளிக் கோடுகளாக இறங்கும் அருவிகள், அடிவாரத்தில் விரியும் நெல்வயல்கள், வரப்புகளில் நிற்கும் பனைமரங்கள் ஆகியவையே இவ்வூரின் காட்சி. இவற்றுள் மலையும் அருவியும் இயற்கை தந்தவை. எஞ்சியவை மனித உழைப்பின் விளைவு. மீங்கரை, சுள்ளியாறு அணைகளிலிருந்து பாசன நீர் வர வேண்டும். அணைநீரும் மழையும் சேர்ந்து வாய்த்தால்தான் உழவு நடக்கும், நாற்று நடப்படும், வரப்பு கட்டப்படும். நடவு முடிந்த சில வாரங்களில் தெரியும் இளம்பச்சையும், அறுவடைக்கு முந்தைய பொன்னிறமும் படம் பிடிப்போர் விரும்பும் நிறங்கள். விவசாயி சாகுபடியை நிறுத்திவிட்டால் அந்த இரண்டு நிறங்களும் அடுத்த பருவத்தில் இருக்கமாட்டா.

அவ்வாறு நிறுத்துவதற்கான காரணங்களும் குறைவில்லை. 1970-களின் நடுப்பகுதியில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிரிடப்பட்டது. இன்று அது ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. வயல்களை மனைகளாகவும் தோப்புகளாகவும் மாற்றுவதைத் தடுக்க 2008-ஆம் ஆண்டில் மாநில அரசு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வயலை நிரப்புவதைச் சட்டம் தடுக்கலாம். நட்டம் தரும் பயிரைத் தொடருமாறு ஒருவரை அது கட்டாயப்படுத்திவிட முடியாது. அரசு கொள்முதல் செய்த நெல்லுக்கான பணம் உரிய நேரத்தில் வங்கிக் கணக்குக்கு வருவதில்லை என்ற புகாரைப் பாலக்காட்டு விவசாயிகள் பல பருவங்களாக எழுப்பி வருகின்றனர்.

ஆக, கொல்லங்கோட்டைப் படம் பிடித்து வருவாய் ஈட்ட விரும்பும் ஒருவரின் மூலப்பொருள், பக்கத்து வயல்காரரின் லாப நட்டக் கணக்கைச் சார்ந்திருக்கிறது. இருவருக்கும் இடையே இப்போது எந்தப் பொருளாதார உறவும் இல்லை.

தளங்கள் தரும் பங்கு

படைப்பாளிகளை ஊக்குவிப்பதில் மத்திய அரசும் ஆர்வம் காட்டி வருகிறது. 2024 மார்ச் 8 அன்று தில்லி பாரத் மண்டபத்தில் முதலாவது தேசியப் படைப்பாளர் விருதுகளைப் பிரதமர் நரேந்திர மோடி வழங்கினார். சிறந்த கதைசொல்லி விருது தமிழகத்தைச் சேர்ந்த கீர்த்திகா கோவிந்தசாமிக்குக் கிடைத்தது. வரலாற்றை எளிய மொழியில் சொல்லும் ஒருவருக்குக் கிடைத்த இந்த அங்கீகாரம், தமிழ் இளைஞர்களிடையே பெரும் எதிர்பார்ப்பை உருவாக்கியது.

எதிர்பார்ப்புக்கும் வருவாய்க்கும் இடையே சில படிகள் உள்ளன. யூடியூப் தளத்தில் விளம்பர வருவாயில் பங்கு பெற ஆயிரம் சந்தாதாரர்கள் தேவை. அத்துடன், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது கடந்த 90 நாள்களில் குறுங்காணொலிகளுக்கு ஒரு கோடிப் பார்வை இருக்க வேண்டும். அதன் பின்னர் நீண்ட காணொலிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளிக்குக் கிடைக்கும். குறுங்காணொலிகளுக்கு அந்தப் பங்கு 45 விழுக்காடு. கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும்.

இந்த விழுக்காடுகள் தாராளமானவையாகத் தோன்றலாம். ஆனால் எதன் விழுக்காடு என்பதே கேள்வி. விளம்பரத்துக்கு நிறுவனங்கள் தரும் விலை, பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்த மொழியில் பார்க்கிறார், எந்தப் பொருள் குறித்துப் பார்க்கிறார் என்பவற்றைப் பொறுத்து மாறுகிறது. நிதி ஆலோசனை குறித்த ஆங்கிலக் காணொலிக்கும், வயல்வெளியைக் காட்டும் தமிழ் அல்லது மலையாளக் காணொலிக்கும் ஒரே எண்ணிக்கையிலான பார்வைகள் கிடைத்தாலும், வரும் தொகை ஒன்றாக இராது. பின்னணியில் திரைப்பாடல் ஒன்றைச் சேர்த்துவிட்டால், அந்தக் காணொலியின் வருவாய் இசை உரிமையாளருக்குப் போய்விட வாய்ப்புண்டு. இன்ஸ்டாகிராமில் பெரும்பாலானோருக்கு இத்தகைய விளம்பரப் பங்கும் இல்லை. விடுதிகளோ, கடைகளோ, பொருள் தயாரிப்பாளர்களோ நேரடியாகத் தரும் விளம்பரத் தொகைதான் அங்கு வருவாய்.

தளத்தை மட்டுமே நம்புவதன் ஆபத்தை 2020-ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. தேசப் பாதுகாப்பு கருதி எடுக்கப்பட்ட அம்முடிவின் சரி தவறு வேறு விவாதம். ஆனால், சிற்றூர்களில் இருந்து நடனமும் நகைச்சுவையும் சமையலும் பதிவேற்றி வந்த பலர், தாம் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பார்வையாளர்களை ஒரே இரவில் இழந்தனர். வேறு தளங்களில் அவர்களுள் சிலர் மீண்டும் எழுந்தனர். பலரால் இயலவில்லை. வாடகை நிலத்தில் கட்டிய வீட்டுக்கு நேரக்கூடியதே அவர்களுக்கும் நேர்ந்தது.

சின்னவீரமங்கலம் சொல்லும் பாடம்

தமிழில் பொழுதுபோக்கு தொழிலானதற்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பம் ஒன்று, தாத்தாவும் பேரன்களுமாக 2018-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியது. 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களுடன் அமர்ந்து காளான் பிரியாணி உண்ட காணொலி நாடெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டின் நடுவில் ஒரு கோடிச் சந்தாதாரர்களைக் கடந்த முதல் தமிழ்ச் சேனல் என்ற நிலையை அது எட்டியது. கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு அக்குழு 10 லட்சம் ரூபாய் வழங்கியதும் அந்த நாள்களில்தான்.

இந்த வெற்றியைப் பார்த்துப் பலரும் கேமராவைத் தூக்கினர். வெற்றிக்குப் பின்னிருந்த ஏற்பாட்டைக் கவனித்தவர்கள் குறைவு. அக்குழுவினர் தனிநபர்களாக இல்லை. உறவினர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டு, மாதக்கணக்கில் இடைவிடாமல் காணொலிகளை வெளியிட்டனர். சமைத்த உணவு ஆதரவற்றோருக்கும் முதியோருக்கும் பரிமாறப்பட்டது. அவர்கள் படம் பிடித்தது தங்கள் சொந்த ஊரின் வயல்வெளியில். வேளாண்மையே அவர்களின் அடிப்படைத் தொழிலாக இருந்ததால், காணொலியிலிருந்து வருவாய் வரும்வரை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

கடைசியாகச் சொன்னது முக்கியமானது. விருப்பப் பணியை வருவாயாக்க விரும்புவோர் பலர், இருக்கும் வேலையை விட்டுவிட்டு அதில் குதிப்பதே துணிச்சல் என்று கருதுகின்றனர். பழைய தலைமுறையின் வழி வேறாக இருந்தது. மலையாளத்தின் பெருங்கவிஞர்களுள் ஒருவரான பி. குஞ்ஞிராமன் நாயர் கொல்லங்கோட்டுப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் பெயரில் இவ்வூரில் நினைவகமும் உண்டு. இதே மலையும் வயலும் அவருடைய கவிதைக்குள் வந்தன. மாதச் சம்பளம் பள்ளியிலிருந்து வந்தது. விருப்பத்தின் தோள்மீது வீட்டுச் செலவு முழுவதையும் ஏற்றாமல் இருப்பது, அந்த விருப்பத்துக்கும் நல்லது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் படம் வரைவதில் ஆர்வம் மிக்க மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினர். வரைந்தால் பரிசு கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர்ப் பரிசில்லாத வேளையில் வரைவதில் குறைந்த நேரமே செலவிட்டனர். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அத்தகைய சரிவு காணப்படவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் எத்தனை பார்வைகள் என்று நாள்தோறும் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இந்த முடிவு அந்நியமாகத் தோன்றாது.

பொழுதுபோக்கு முடிந்து தொழில் தொடங்கும் கோடு

எந்த நொடியில் பொழுதுபோக்கு தொழிலாகிறது? பலரும் இதை மனநிலை சார்ந்த கேள்வியாகவே பார்க்கின்றனர். சட்டம் அதற்குத் தெளிவான கோடுகளை வைத்திருக்கிறது.

கொல்லங்கோட்டைப் புகழ்பெறச் செய்ததில் வானிலிருந்து எடுக்கப்பட்ட காட்சிகளுக்குப் பெரும் பங்குண்டு. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை எடையுள்ள ட்ரோனை வணிக நோக்கமின்றி இயக்குவோருக்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை. அதே கருவியை வருவாய்க்காக இயக்கினால் சான்றிதழ் தேவை. 250 கிராமுக்கு உட்பட்டவற்றுக்கு இந்தச் சான்றிதழ் விதியிலிருந்து விலக்குண்டு. கருவி ஒன்றுதான், வயல் ஒன்றுதான். நோக்கம் மாறும்போது கடமையும் மாறுகிறது. அருகிலுள்ள நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் வனப்பகுதிகளுக்குள் படம் பிடிப்பதற்கு வனத்துறையின் கட்டுப்பாடுகள் தனி.

விளம்பரத்திலும் இதே நிலைதான். விடுதி ஒன்று இலவசமாகத் தங்கவைத்து, அதற்குப் பதிலாகப் பாராட்டிப் பேசும் காணொலியைப் பெற்றால், அது விளம்பரம் என்பதைப் பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடமுண்டு.

வரியும் விலக்கன்று. பணமாக வராமல் பொருளாகவோ, தங்குமிடமாகவோ வரும் பயனும் வருமானமே. ஒரே தரப்பிலிருந்து ஆண்டுக்கு 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் இத்தகைய பயன் கிடைத்தால், அதன்மீது 10 விழுக்காடு வரிப்பிடித்தம் செய்யும் முறை 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விளம்பரத்துக்காகக் கொடுக்கப்படும் கைப்பேசியைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வோருக்கும் இது பொருந்தும்.

படைப்பாளியின் உரிமையைக் காக்கும் விதிகளும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, தாமாக எடுத்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அதை எடுத்தவரே. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர் அந்த உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், அதன் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், மாற்று ஒப்பந்தம் இல்லாத நிலையில், உரிமை பணம் கொடுத்தவருக்குப் போகும். திருமணப் படம் எடுக்கத் தொடங்கும் இளைஞர்கள் பலரும் அறியாத வேறுபாடு இது. தமது படத்தை வேறொரு பக்கம் பெயரின்றி எடுத்துப் பயன்படுத்தும்போது உரிமை கோரவும், நாள்காட்டி, நூல், விளம்பரம் ஆகியவற்றுக்கு உரிமத் தொகை பெறவும் இந்த அறிவு தேவை. விளம்பரப் பங்கைவிடச் சிறிய அளவிலும் உறுதியாக வரக்கூடியது உரிமத் தொகை.

திரைப்படம் கொடுத்தது, ரீல்ஸ் கொடுக்காதது

எல்லைக்கு இப்பால் உள்ள பொள்ளாச்சி வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி பழையது. பல பத்தாண்டுகளாகத் திரைப்படக் குழுக்கள் அங்கு வந்து செல்கின்றன. வீடு, தோப்பு, வயல் ஆகியவற்றைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுவது அங்கு நிலைத்துவிட்ட வழக்கம். உணவு, வண்டி, துணை நடிகர், காவல் என ஊரில் பலருக்கும் சில நாள் வேலை கிடைக்கும். காட்சியின் உரிமையாளருக்குக் காட்சியால் வருவாய் என்ற எளிய கணக்கு அது.

கைப்பேசியோடு வரும் ஒருவர் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. தனியாக வருகிறார், பத்து நிமிடம் நிற்கிறார், சென்றுவிடுகிறார். அவரிடம் வாடகை கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் அத்தகையோர் ஆயிரக்கணக்கில் வரும்போது வரப்பு சரிகிறது, குறுகிய சாலையில் டிராக்டர் நிற்க இடமில்லாமல் போகிறது, வாய்க்காலில் நெகிழிப் புட்டிகள் மிதக்கின்றன. வருவாய் சிதறலாகப் பலரிடம் போகிறது. செலவோ ஓர் ஊரின் தலையில் குவிகிறது.

உலகின் பிற ஊர்கள் இந்த நிலையில் என்ன செய்தன என்பது கவனிக்கத்தக்கது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் 800-க்கும் குறைவானோரே வசிக்கின்றனர். உச்சப் பருவத்தில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேர் வரை வந்துபோகும் அவ்வூரில், தற்படம் எடுக்கும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2023 மே மாதம் காட்சியை மறைத்து மரத்தடுப்பு வைக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே அது அகற்றப்பட்டது. ஜப்பானின் புஜிகாவாகுசிகோ நகரில் புஜி மலை பின்னணியில் தெரியும் கடையொன்றின் எதிரே, 2024 மே மாதம் கறுப்புத் திரை கட்டினர். இரண்டு ஊர்களும் இறுதியில் கையில் எடுத்த கருவி ஒன்றே: காட்சியை மறைப்பது. ஊருக்கும் காட்சிக்கும் இடையே வருவாய் உறவு உருவாகாதபோது, எஞ்சி நிற்பது எரிச்சல் மட்டுமே என்பதற்கு இவை சான்று.

கேரளத்திடமே உள்ள விடைகள்

கொல்லங்கோடு திரை கட்ட வேண்டிய நிலைக்குப் போக வேண்டியதில்லை. தேவையான கருவிகள் பலவும் கேரளத்திடம் ஏற்கெனவே உள்ளன.

முதலாவது, கொள்கை. நெல்வயலைப் பாதுகாக்கும் நில உரிமையாளர்களுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கும் திட்டத்தை மாநில அரசு 2020-ஆம் ஆண்டில் தொடங்கியது. நெல்வயல் உணவை மட்டும் தருவதில்லை, நிலத்தடி நீரையும் பல்லுயிர்களையும் காக்கிறது என்பதே அதன் பின்னணி. தொகை சிறியது. ஆனால் அதன் கருத்து பெரியது: வயலின் பயன் வரப்பைத் தாண்டிப் பொதுமக்களுக்குச் சேர்கிறது என்றால், அதைக் காப்பவருக்குப் பொதுமக்களின் பங்கு போய்ச்சேர வேண்டும். காட்சியும் அத்தகைய பயன்களுள் ஒன்று என்று ஏற்றுக்கொள்வது அடுத்த இயல்பான படியாகும்.

இரண்டாவது, அமைப்பு. 2017-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கேரளப் பொறுப்புச் சுற்றுலா இயக்கம், பயணிகள் செலவிடும் பணத்தை உள்ளூர்க் குடும்பங்களுக்குக் கொண்டுசேர்ப்பதை நோக்கமாகக் கொண்டது. இதன் பலனைக் காண இடுக்கி மாவட்டத்தின் காந்தளூரைப் பார்க்கலாம். மறையூரை அடுத்து, உடுமலைப்பேட்டை வழியே தமிழகத்தோடு தொடர்புள்ள, தமிழ் பேசும் மக்கள் நிறைந்த மலைக்கிராமம் அது. ஊராட்சியும் பொறுப்புச் சுற்றுலா இயக்கமும் சேர்ந்து செயல்பட்டதன் விளைவாக, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 2023-ஆம் ஆண்டுச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுக்கான போட்டியில் காந்தளூர் தங்கப் பிரிவில் தேர்வானது. அங்கே பழத்தோட்டம் பார்க்க வருபவர் பழம் வாங்குகிறார். புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தையும், காந்தளூர் - வட்டவடை வெள்ளைப்பூண்டையும் வாங்கிச் செல்கிறார். படம் எடுப்பவரின் பையிலிருந்து பயிரிட்டவரின் கைக்குப் பணம் போகும் பாதை அங்கே உண்டு.

2023-ஆம் ஆண்டில் இரு ஊர்களுமே புகழ்பெற்றன. கொல்லங்கோடு ஒரு பட்டியலால் புகழ்பெற்றது. காந்தளூர் ஒரு திட்டத்தால் புகழ்பெற்றது. இந்த வேறுபாடே இரண்டு ஊர்களின் வருங்காலத்தையும் தீர்மானிக்கக்கூடும்.

மூன்றாவது, விற்கத்தக்க பொருள். பாலக்காட்டு மட்டை அரிசிக்குப் புவிசார் குறியீடு உண்டு. கொல்லங்கோட்டு வயலைப் படமெடுத்துச் செல்பவர், அந்த வயலில் விளைந்த அரிசியை ஒரு கிலோ பையில் வாங்கிச் செல்ல வாய்ப்பிருந்தால், வயல்காரரின் கணக்கில் காட்சிக்கும் ஓர் இடம் கிடைக்கும். முதலமடை மாம்பழப் பருவத்திலும் இதையே செய்யலாம். உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மாநிலச் சுற்றுலாத் துறை தங்குமனைகளுக்கு வைரம், தங்கம், வெள்ளி எனத் தரச்சான்று வழங்குகிறது. பெரிய விடுதிகள் நிலம் வாங்கி வயலை வளைப்பதைக் காட்டிலும், பழைய ஓட்டு வீடுகளின் அறைகள் விருந்தினருக்குத் திறக்கப்படுவது ஊருக்கு நல்லது.

உள்ளூர் இளைஞர் என்ன செய்யலாம்?

கேமரா மீது விருப்பம் கொண்ட உள்ளூர் இளைஞருக்கு, வெளியூரிலிருந்து வருபவருக்கு இல்லாத மூன்று வசதிகள் உண்டு. எந்த வாரத்தில் நடவு, எந்த வாரத்தில் அறுவடை, எத்தனை மணிக்கு மலைமீது மேகம் விலகும் என்பது அவருக்குத் தெரியும். வயலின் உரிமையாளரைப் பெயர் சொல்லி அழைத்து அனுமதி கேட்க முடியும். எல்லைப் பகுதியில் வளர்ந்தவராதலால் மலையாளம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் பேச முடியும்.

இந்த மூன்றையும் பார்வை எண்ணிக்கையாக மாற்ற முயல்வதைவிடச் சேவையாக மாற்றுவதே உறுதியான வழி. வெளியூர்ப் புகைப்படக் கலைஞர்களை அதிகாலையில் அழைத்துச் செல்லும் வழிகாட்டி நடை, பருவந்தோறும் நடத்தும் சிறு பயிற்சி, உள்ளூர்த் திருமணங்கள், தங்குமனைகளுக்கும் அரிசி விற்பனைக்கும் எடுத்துத் தரும் படங்கள் ஆகியவற்றுக்குக் கட்டணம் நேரடியாக வரும். எந்தத் தளத்தின் கணக்கீட்டு மாற்றமும் அதை ஒரே நாளில் அழித்துவிடாது. நடைக்கான கட்டணத்தில் ஒரு பகுதி, வரப்பில் நடக்க அனுமதித்த வயல்காரருக்குச் சேருமாறு முதல் நாளிலேயே பேசி வைத்துக்கொண்டால், படம் பிடிப்பவரும் பயிரிடுபவரும் ஒரே தொழிலின் பங்காளிகள் ஆவர்.

ஊராட்சியின் பங்கும் இன்றியமையாதது. வாகனங்களை வயலோரச் சாலைக்குள் விடாமல் வெளியே நிறுத்தி, கட்டணம் வசூலித்து, அந்தத் தொகையைக் குப்பை அகற்றவும் வரப்பு சீரமைக்கவும் செலவிடுவது பெரிய முதலீடு தேவைப்படாத ஏற்பாடு. நடவு, அறுவடை நாள்களில் வயலுக்குள் இறங்கத் தடை விதிப்பதும், நடக்கத்தக்க வரப்புகளைக் குறித்துவைப்பதும் உள்ளூர் அளவிலேயே முடிவெடுக்கத்தக்கவை. வழிகாட்டிகளாகப் பதிவு செய்துகொள்ளும் உள்ளூர் இளைஞர்களுக்கு அடையாள அட்டை வழங்கினால், வருவோருக்கும் நம்பிக்கை பிறக்கும்.

பொழுதுபோக்கிலிருந்து வருவாய் ஈட்டுவது தவறோ, பேராசையோ அன்று. வேலைவாய்ப்பு குறைந்த எல்லைப்புற ஊர்களில் அது பலருக்கு நியாயமான கனவு. ஆனால் அந்தக் கனவு எதன்மீது நிற்கிறது என்பதை மறந்தால் நீடிக்காது. சமையலைக் காட்டி வருவாய் ஈட்டுபவருக்கு அரிசியும் காய்கறியும் செலவுக் கணக்கில் வருகின்றன. வயலைக் காட்டி வருவாய் ஈட்டுபவரின் செலவுக் கணக்கில் வயல் வருவதில்லை. அந்த ஒரு வரியைக் கணக்கில் சேர்ப்பதற்கு ஊராட்சியும் சுற்றுலாத் துறையும் படைப்பாளிகளும் முன்வராவிட்டால், இன்னும் சில ஆண்டுகளில் கொல்லங்கோட்டில் படம் பிடிக்க மலை இருக்கும், அருவி இருக்கும். நெல் இருக்குமா என்பதுதான் ஐயம்.